முந்தக் கூடாத சுற்று

எனக்குப் பின்னால் இருபது வண்டிகள் உறுமிக்கொண்டு வருகின்றன, ஒன்றும் என்னை முந்தாது, முந்தக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறார்கள், என் மகன் மிதுனின் வண்டி இவ்வளவு மெதுவாக ஓடிப் பழகாமல் எனக்குக் கீழே உதறுகிறது, நசுங்கியதை நிமிர்த்தி வர்ணமும் அடித்துவிட்டார்கள், அவனுடைய பழைய ஹெல்மெட் என் காதுகளை நெரிக்கிறது, உள்ளே அவன் வியர்வை வாசம், வளரும் பிள்ளைகளுக்கான இந்தத் தென்மண்டலப் பைக் போட்டியில் போன மாதம்தான் அவன் விழுந்தான், எழவே இல்லை, விழுந்தவனின் வீட்டார் ஒருவர் அடுத்த பந்தயத்துக்கு முன் அவன் வண்டியில் முன்னே போக, மற்றவர்கள் பின்னால் ஒரு சுற்று வருவார்களாம், அதுதான் மரியாதையாம், ஒரே ரவுண்டுங்க சார், மெதுவாப் போனாப் போதும், நீங்க வந்து கோட்டத் தொட்டதும் ரேஸ ஆரம்பிச்சுருவோம் என்றார் அமைப்பாளர், நான் தலையாட்டினேன், தொடாவிட்டால் ஆரம்பிக்க மாட்டார்கள் என்பது வண்டியில் ஏறிய பிறகுதான் உறைத்தது, பின்னால் வரும் இருபதில் முதல் வண்டி என் மகள் நிரஞ்சனாவுடையது.

வேண்டாங்கண்ணு என்று காலையில் சொன்னேன், ஷூவை இறுக்கிக்கொண்டே, ஒவ்வொரு ரேஸ்லயும் மொத மூணு பேரத்தானுங்ப்பா தேசியப் போட்டிக்கு எடுப்பாங்க என்றாள், அண்ணனுக்கு ஆனதப் பாத்த பொறவுமா என்றேன், பாத்தேனுங்ப்பா என்றாள், எழுந்து ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டாள், இந்த வளைவு சிங்காநல்லூர்ச் சாலை மாதிரி இருக்கிறது, அவர்களின் சின்ன வயதில் போல ஸ்கூட்டரில் மூன்று பேரும் போகிறோம், அப்பா ஓட்டுனா எறும்பு ஓவர்டேக் பண்ணிட்டுத் திரும்பி சாப்டீங்ளான்னு கேக்கும் என்கிறான் மிதுன் பின்னாலிருந்து, நடுவில் நசுங்கிக்கொண்டு நிரு சிரிக்கிறாள், சிரிக்காதடா, புடிச்சு உக்காருங்க ரெண்டு பேரும், கண்ணைத் திறந்தால் அவன் விழுந்த வளைவு வந்துவிட்டது, புதுமண் போட்டு நிரவியிருக்கிறார்கள், நான் வேகத்தைக் குறைக்கிறேன், இன்னும் குறைக்கிறேன், வண்டி இருமிவிட்டு நின்றது, அதில் ஸ்டார்ட்டரே கிடையாது, எடை குறைய வேண்டுமென்று அவனே கழற்றிப் போட்டிருந்தான், பின்னால் இருபது வண்டிகளும் நின்றன, நிம்மதியாக இருந்தது, சாயங்காலம்வரை இப்படியே நிற்கலாம், இருட்டினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

நிரு பக்கத்தில் வந்து ஹெல்மெட் கண்ணாடியை ஏற்றினாள், அழுதிருந்தாள், இங்கியே நின்னுக்கலாம்னு பாத்தீங்ளா என்றாள், எனக்கும் பயந்தானுங்ப்பா, ஆனா போகோணும், கிளட்சப் புடிச்சுக்கங்க, பிரேக்கு மட்டும் போட்றாதீங்க, நான் நெலதடுமாறிருவேன் என்றாள், பெட்ரோல் தீர்ந்த வண்டியை எங்கள் ஊர்ச் சாலையில் தள்ளுவார்களே, அப்படித் தன் வண்டியில் இருந்தபடியே காலை நீட்டி என் வண்டியின் பின்புறத்தில் வைத்து அழுத்தினாள், நகர்ந்தேன்.

அன்று அவள் ஐந்தாவதாக வந்தாள், அடுத்ததில் இரண்டாவது, இப்போது தேசியப் போட்டியில் ஓட்டுகிறாள், பந்தயம் முடிந்ததும் போன் பண்ணுவாள், நல்லாருக்கேனுங்ப்பா என்பாள், மணி அடிக்கும்வரை நான் அந்தச் சுற்றில்தான் இருக்கிறேன், எஞ்சின் சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறேன், முதுகுக்குப் பின்னால் அவள் கால், முன்னால் வெள்ளைக்கோடு பெரிதாகிக்கொண்டு வருகிறது, பிரேக் என் விரல்களுக்குள்ளேயே இருக்கிறது, பிடித்தால் நின்றுவிடும், பிடித்தால் அவள் விழுவாள்.