நாலாம் டிரம்முக்கு ஒரு தேதி

2025 அக்டோபர் 1, புதன்கிழமை. திண்டுக்கல் நகரின் ஓரத்தில் பீர் முகமதுவின் தோல் பதனிடும் ஷாப்பில், ஆயுத பூஜைக்காக நான்கு டிரம்களும் கழுவப்பட்டன. அவற்றின் இரும்பு அச்சுகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெள்ளிப் பெயிண்ட் அடித்து, சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை பர்ஹானா வந்து பார்த்தபோது நாலாம் டிரம்மின் அச்சு கல்யாண மாப்பிள்ளை போல மினுங்கியது. தோளில் கிடந்த பையை இறக்காமலே கேட்டாள்.

“யாருண்ணே இதத் தேச்சது?”

“நான்தேன் பாப்பா,” என்றார் ஃபிட்டர் கருப்புசாமி, பெருமையாக. “கண்ணாடி கணக்கா இருக்கா? பொரி கெடக்கு, எடுத்துக்க.”

“இந்த எடத்துல ரெண்டு மஞ்சக் கோடு போட்டிருந்தேனே.”

“அது நீ போட்டதா? அது போகவே மாட்டேன்னுருச்சு. அதச் சொரண்டத்தேன் ரொம்ப நேரம் ஆச்சு.”

அவள் பையை இறக்கி வைத்தாள்.

பீர் முகமது அவளுடைய தாய்மாமன். அவள் உலோகவியல் படித்துவிட்டு, சென்னையில் நாலு வருடம் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்துவிட்டு, இயந்திரங்களில் விரிசல் கண்டுபிடிக்கும் தொழிலைத் திண்டுக்கல்லில் சொந்தமாகத் தொடங்கியிருந்தாள். அக்கா மகளுக்கு ஒரு வேலை கொடுத்த மாதிரி இருக்கட்டும் என்று ஆகஸ்டில் மாமு அவளைக் கூப்பிட்டார். டிரம் என்பது இரண்டு ஆள் உயரத்துக்குப் படுக்கவைத்த மரப் பீப்பாய். உள்ளே தோலும் சுண்ணாம்புத் தண்ணீரும் புரள, இரண்டு பக்கமும் உள்ள இரும்பு அச்சில் அது நாள் முழுக்கச் சுற்றும். நாலாம் டிரம்மின் அச்சுக் கழுத்தில் ஒரு விரல் நீளத்துக்கும் குறைவாக ஒரு விரிசல் இருந்தது. செப்டம்பர் நடுவில் மறுபடி அளந்தாள், வளர்ந்திருந்தது. அதன் இரண்டு முனைகளிலும் மஞ்சள் கோடு போட்டாள். இன்று மூன்றாவது அளவு. இரண்டு அளவை வைத்து நேர்கோடு போடலாம், ஆனால் விரிசல் நேர்கோட்டில் வளர்வதில்லை. நீளம் கூடக்கூட வேகமும் கூடும். எவ்வளவு கூடுகிறது என்பதை மூன்றாவது அளவுதான் சொல்லும்.

டிரம்மை நிறுத்தச் சொல்லி, பெயிண்டைக் கரைத்துத் துடைத்து, சிவப்பு மையைத் தெளித்தாள். ஊறவிட்டு, துடைத்து, மேலே வெள்ளைப் பொடியை அடித்தாள். விரிசல் இருந்தால் உள்ளே இறங்கிய மை வெள்ளையில் சிவப்புக் கோடாகக் கசியும். போன இரண்டு முறையும் கசிந்தது. வேலையாட்கள் சுற்றி நின்று பார்த்தார்கள்.

வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

“விரிசலு லீவுக்கு ஊருக்குப் போயிருச்சு போல,” என்றான் பவுல்ராஜ். நாலாம் டிரம்மில் தோல் ஏற்றி இறக்குபவன் அவன்தான். டிரம்மின் கதவைத் திறந்து மூடுகிற வேலை முழுக்க அவனுக்கு அச்சின் அடியில்தான். “வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுல பாத்தேன், பைய மாட்டிக்கிட்டு நின்னுச்சு.”

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்புச் சத்தத்துக்கு மாமு அலுவலறையிலிருந்து வந்தார்.

“என்னம்மா, சரியாப் போச்சாமே?”

“சரியாகல மாமு. உப்புத்தாள் தேச்சதுல மேல இரும்பு இழுபட்டு வாய் மூடிருச்சு. மிச்சத்துல பெயிண்டு எறங்கிக் காஞ்சிருக்கு. மை உள்ள போக வழியில்ல.”

“கோடு வந்தா விரிசல் இருக்குங்குற. கோடு வரலைன்னாலும் இருக்குங்குற. அப்புறம் என்னத்துக்கு இந்த மை?”

அவளுக்குக் காது சூடேறியது. இதற்குப் பதில் இருந்தது. ஒரு வரியில் இல்லை.

கருப்புசாமி உதவிக்கு வந்தார். “பாப்பா, தோல்ல கீறல் விழுந்தா நுனியில ஒரு ஓட்டை போடுவோம். அதுக்கு மேல கிழியாது. இதுலயும் ஒண்ணு போட்டுருவமா?”

“தகடுன்னா போடலாம்ணே. இது தொடை தண்டி இரும்பு. கீறல் உள்ளுக்குள்ள பெறை மாதிரி எறங்கியிருக்கு. எந்த நுனியில ஓட்டை போடுவீங்க?”

“சரி, விடு,” என்றார் மாமு. “எப்ப உடையும்? ஒரு தேதி சொல்லு.”

“தேதியெல்லாம் சொல்ல முடியாது மாமு.”

“மழையவே சொல்றான், நீ இரும்பச் சொல்ல மாட்டியா?”

“கையில ரெண்டு அளவுதான் இருக்கு. அத வெச்சுச் சொன்னா, பத்து நாள்லருந்து ரெண்டு மாசத்துக்குள்ள. அதுவும் இப்ப போடுற லோடுக்கு. லோடு கூடுனா இந்தக் கணக்கே செல்லாது. செவ்வாக்கிழமை திருச்சியிலருந்து ஒரு ஆள் வாராரு, மிஷின வெச்சு உள்ளுக்குள்ள எம்புட்டு ஆழம்னு பாத்துச் சொல்லிருவாரு. அதுவரைக்கும் நிறுத்தி வைங்க.”

“உள்ள தோலு ஊறிக்கிட்டுக் கெடக்கு. நிறுத்துனா அழுகிப் போகும். அதான் பத்து நாளு இருக்குல்ல?”

“பத்து நாளு இருக்குன்னு நான் சொல்லல மாமு.”

“இப்பத்தானம்மா சொன்ன!”

பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. மாமு சட்டைப் பையிலிருந்து தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு ஜும்ஆவுக்குக் கிளம்பிவிட்டார். கருப்புசாமி சுவிட்சைப் போட்டார். டிரம் சுற்றத் தொடங்கியது. அச்சில் மிச்சமிருந்த குங்குமம் வட்டமாகத் தெரிந்தது.

பர்ஹானா கடைக்குப் போய் நைலான் கயிறு வாங்கி வந்து அச்சுப் பக்கம் முழுக்கக் கட்டினாள்.

“பவுல்ராஜண்ணே, டிரம் ஓடுறப்ப இதுக்கு உள்ள வராதீங்க.”

“வராம, கதவுல வடியுதா இல்லையான்னு ரோட்டுல நின்னா பாக்குறது?” என்றான். “நீ ஒண்ணு பண்ணு பாப்பா. ஒம்பதாம் நாளு ராத்திரி ஒரு போன் போடு. நான் லீவு போட்டுர்றேன்.”

“விளையாடாதீங்கண்ணே. ஒங்க தலைக்கு மேலதான் அது.”

“சரி தாயி, சரி.”

சனிக்கிழமை மாமுவுக்கு இரண்டு முறை போன் செய்தாள். முதல் முறை எடுக்கவில்லை. இரண்டாம் முறை எடுத்து, “ஓடுதும்மா, அழகா ஓடுது,” என்றார். ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தாள். “ஒம் மாமனுக்குத் தொழில் தெரியாதா?” என்றாள் அம்மா.

திங்கட்கிழமை பிற்பகல் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் இருந்தபோது கருப்புசாமி போனில் கூப்பிட்டார். அவள் வந்து சேர்வதற்குள் பவுல்ராஜை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். டிரம் ஒரு பக்கம் சாய்ந்து சுவரில் முட்டிக் கிடந்தது. தரை முழுக்கச் சுண்ணாம்புத் தண்ணீர். அவள் கட்டிய கயிற்றைச் சுருட்டி யாரோ ஆணியில் மாட்டியிருந்தார்கள்.

அச்சு முறிந்த இடத்தில் டார்ச் அடித்துப் பார்த்தாள். ஏறக்குறைய பாதி வரைக்கும் கறுத்த பிறை, பழைய விரிசல். அதன் வெளி விளிம்பில் மயிரிழை அளவுக்கு வெள்ளிப் பெயிண்ட் இறங்கிக் காய்ந்திருந்தது. மீதிப் பாதி இன்று முறிந்த சொரசொரப்பான இரும்பு.

“லோடு எவ்வளவுண்ணே போட்டீங்க?”

கருப்புசாமி அலுவலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். “பூசைக்கு ரெண்டு நாளு ஷாப்பு லீவுல்ல பாப்பா? கப்பலுக்குச் சரக்குப் போகணும்னாரு. வெள்ளி சாயங்காலத்துலருந்து ஒண்ணரை மடங்கு.”

பாரம் ஒன்றரை மடங்கானால் விரிசல் மூன்று மடங்குக்கும் மேல் வேகமாக ஓடும். பத்து நாள் மூன்று நாளாகச் சுருங்கும். நின்ற இடத்திலேயே மனதில் போட்டுப் பார்த்தாள். கணக்கு சரியாக வந்தது.

மாமு வந்தார். முகம் வெளுத்திருந்தது.

“பத்து நாளுன்னியேம்மா. மூணு நாள்ல போயிருச்சே.”

“லோடு கூடுனா செல்லாதுன்னு சொன்னேன் மாமு.”

“அந்தப் பய ஒன்னய நம்பித்தேன் கயித்தக் கழட்டுனான். பாப்பா பத்து நாளு சொல்லிருக்குன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான்.”

அவள் டார்ச்சை அணைத்தாள். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

பவுல்ராஜுக்கு இடது கணுக்காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. திருச்சியிலிருந்து வரவேண்டியவரை மாமு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். புது அச்சு தீபாவளிக்கு முந்தின வாரம் பொருத்தப்பட்டது. மற்ற மூன்று டிரம்களின் அச்சுகள் சோதிக்கப்படவில்லை.