ஷாக்கும் சாக்கும்

காலை ஏழே காலுக்குக் கதவு இடிபட்டது. விரலால் தட்டிய சத்தம் இல்லை, உள்ளங்கையால் அறைந்த சத்தம். காபியை வாய்க்குக் கொண்டுபோன கணேசமூர்த்தியின் கை பாதியில் நின்றது. மூன்று நாளாக இதே சத்தம்.

"பெல்லு எதுக்கு இருக்குன்னு கேளு" என்றான் மனைவியிடம்.

சௌம்யா கேட்கவில்லை. போய்க் கதவைத் திறந்தாள். பாத்திரம் தேய்க்கவும் வீடு துடைக்கவும் ஜீவனஹள்ளியிலிருந்து வரும் லூர்தம்மா, ஈரக் காலை மிதியடியில் தேய்த்துவிட்டு உள்ளே போனாள்.

அந்தக் காலிங் பெல்லுக்கு ஒரு பின்கதை உண்டு. பெங்களூரில் 2001-ஆம் வருடம் அது. ப்ராஜெக்ட் இல்லாமல் கம்பெனி கணேசமூர்த்தியைப் பெஞ்சில் உட்கார வைத்து, அதாவது வேலை கொடுக்காமல் வீட்டில் இருக்கச் சொல்லி, இரண்டு மாதம் ஆகியிருந்தது. வேறு இடங்களுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு, கூரியருக்குக் காதைத் தீட்டிக்கொண்டு வீட்டில் உலாத்திக்கொண்டிருந்தான். வந்த ஒரே கூரியர்காரர், வேலை செய்யாத பெல்லை அழுத்திப் பார்த்து, 'ஆள் இல்லை' என்று சீட்டு எழுதிக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போய்விட்டார். அவன் அப்போது உள்ளேதான் உட்கார்ந்திருந்தான்.

தன் தெருவில் இருக்கும் எலக்ட்ரீசியன் ஆம்ப்ரோஸை அனுப்பட்டுமா என்று லூர்தம்மா கேட்டாள். கணேசமூர்த்திக்குச் சுருக்கென்றது. எலக்ட்ரானிக்ஸ் படித்தவன் ஒரு பெல் மாட்ட ஆள் தேடுவதா? ஆபீசில்தான் தன்னால் ஒன்றும் ஆகவில்லை என்று ஆகிவிட்டது, வீட்டிலுமா? சிவாஜி நகர் போய்ப் பித்தளைத் தகடு வைத்த ஸ்விட்ச் ஒன்றை வாங்கிவந்தான். ஞாயிற்றுக்கிழமை மெயினை அணைத்துவிட்டுத் தானே மாட்டினான். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய் அழுத்தினான். உள்ளே குயில் கூவியது. பத்துத் தடவை கூவ வைத்தான். அந்த மாதத்தில் அவன் முடித்த ஒரே வேலை அது.

மறுநாள் லூர்தம்மா தகட்டில் விரல் வைத்தாள். குயிலுக்கு முன்னால் அவள் கத்தினாள்.

"சாக்கு அடிக்குது சார்." ஷாக் அவள் நாக்கில் சாக்கு ஆகிவிடும்.

கணேசமூர்த்தி மறுபடி செருப்பை மாட்டிக்கொண்டு போய் அழுத்தினான். ஒன்றும் இல்லை. சௌம்யாவும் வாசலில் கிடந்த தன் செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு அழுத்திப் பார்த்தாள். அவளுக்கும் ஒன்றும் இல்லை.

"சாக்குதான் லூர்தம்மா, சரியாச் சொன்னீங்க. ஆம்ப்ரோஸுக்கு வேல பிடிச்சுக் குடுக்க ஒரு சாக்கு" என்றான். அந்தச் சிலேடையை அவனே இரண்டு தரம் சொல்லிச் சிரித்தான்.

அடுத்த நாள் அவள் கொண்டையிலிருந்த பிளாஸ்டிக் சீப்பை உருவி, அதன் முனையால் அழுத்தினாள். "என்ன, வித்த காட்டறீங்களா?" என்று அவன் கேட்ட பிறகு சீப்பு கொண்டைக்குத் திரும்பியது. உள்ளங்கை கதவுக்கு வந்தது.

இன்று அவனால் பொறுக்க முடியவில்லை. ஒவ்வொரு இடியும், நீ மாட்டியது சரியில்லை என்று சொல்வதுபோல் இருந்தது.

"நாளையிலருந்து பெல் அடிச்சா உள்ள வாங்க. கதவ இடிக்கறதா இருந்தா வேற வீடு பாத்துக்குங்க."

லூர்தம்மா துடைப்பத்தை மூலையில் சாத்தினாள். அந்தக் கட்டடத்தில் அவளுக்கு மூன்று வீடுகள். ஒருவர் நிறுத்தினால் மற்ற இருவரும் காரணம் கேட்காமல் நிறுத்துவார்கள். "சரி சார்" என்றாள்.

மறுநாள் கார்த்திகை முதல் தேதி. வேலை நிலைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, விடியற்காலையில் கோயிலுக்குப் போய் மாலை போட்டுக்கொண்டான் கணேசமூர்த்தி. இரவெல்லாம் பெய்த மழையில் தெரு சொதசொதவென்று கிடந்தது. வெறுங்காலில் நடந்து பழகாத பாதம், ஒவ்வொரு கல்லுக்கும் கூசியது. கட்டடத்தின் மாடிப்படி அடியில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு, வாரில் ஊக்கு குத்தி, நனைந்து கிடந்தது. அதற்கு மேலே சுவரில் அறிவிப்பு: 'வேலைக்கு வருபவர்கள் செருப்பைக் கீழேயே விடவும். இப்படிக்கு, செயலாளர்.' கையெழுத்து அவனுடையதுதான்.

மேலே, வீட்டு வாசலில் லூர்தம்மா நின்றுகொண்டிருந்தாள். சாரலில் தரை நனைந்திருந்தது. நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டு கையை நீட்டினாள். தகட்டுக்கும் விரலுக்கும் நடுவே ஓரங்குலம். அந்தத் தயக்கம் அவனை எரிச்சல்படுத்தியது.

"தள்ளுங்க, நான் காட்றேன்" என்று ஈரக் கையால் அழுத்தினான்.

யாரோ தோளைப் பிடித்து முறுக்கி எறிந்ததுபோல் இருந்தது. எதிர்ச் சுவரில் மோதித் தரையில் உட்கார்ந்தான். சௌம்யா ஓடிவந்து கதவைத் திறந்தாள். அவன் ஸ்விட்சைக் காட்டி ஏதோ சொல்ல முயன்றான். உதடு நடுங்கியது. 'ஷ' வரவில்லை.

"சாக்கு..." என்றான்.

லூர்தம்மா சிரிக்கவில்லை. அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கழுத்து மாலையையும் காலையும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"நாப்பத்தெட்டு நாளு நீங்க வெறுங்காலோட நடப்பீங்க, சாமி. நா இந்தப் படியில ரெண்டு வருசமா நடக்கறேன்."

ஆம்ப்ரோஸ் வந்தார். செருப்பைக் கழற்றாமலே நின்று, டெஸ்டரைத் தகட்டில் வைத்தார். அதற்குள்ளிருந்த விளக்கு எரிந்தது. மெயினை அணைத்து ஸ்விட்சைக் கழற்றினார். திருகுக்குள் போகாமல் பிதுங்கிய கம்பி இழை ஒன்று, தலைமுடி கனம்கூட இருக்காது, பித்தளையின் முதுகைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"ரப்பர் செருப்பு போட்டுனு தொட்டா ஒண்ணும் தெரியாது சார். ஈரக்காலுக்குத்தான் தெரியும். நீங்களே மாட்டுனது தப்பில்ல. அந்தம்மா சொன்ன அன்னிக்கே தகட்டுல டெஸ்டர வெச்சிருக்கணும். இது ஆள எடுத்திருக்கும்."

அன்று சாயங்காலம் கணேசமூர்த்தி கீழே போய் அந்த அறிவிப்பைக் கிழித்தான். தரைத்தளத்துச் சீனிவாசராகவன் வெளியே வந்து, கமிட்டியில் பேசாமல் எப்படி எடுக்கலாம் என்று கேட்டார். கிழித்த காகிதத்தைக் கசக்கிக்கொண்டே கணேசமூர்த்தி பதில் சொன்னான்.

"அன்னிக்கு லூர்தம்மாவுக்கு அடிச்ச ஷாக் எனக்கு அடிக்கல, அதனால ஷாக்கே இல்லைன்னு சொல்லிட்டேன் சார். அடிக்காததுக்குக் காரணம் என் படிப்பு இல்ல, என் செருப்பு. அவங்க செருப்ப நாமதான் கழட்ட வெச்சோம். வலிக்குதுன்னு ஒருத்தர் சொன்னா, நமக்கு வலிக்குதான்னு பாத்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது. அவங்க நிக்கற இடத்துல, அவங்க நிக்கற மாதிரி நின்னு பாத்துட்டுத்தான் சொல்லணும்."

மறுநாள் ஏழே காலுக்குக் குயில் கூவியது. வாசலில் சௌம்யாவின் செருப்புக்குப் பக்கத்தில், ஊக்கு குத்திய அந்த ஜோடி இருந்தது.