நாற்பத்தொன்றாவது பிழை

அண்ணனுக்கு ஆபீசில் வைத்த பெயர் துடைப்பம். ஆபீஸ் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேலே ஓர் அறை, இரண்டு மேசை, மூன்று நாற்காலி. அங்கே வேலை செய்வதே அண்ணனும் தங்கையும்தான். அதனால் பெயர் வைத்தது யார் என்று கண்டுபிடிக்க விசாரணைக் கமிஷன் தேவையில்லை.

இரண்டு வருஷமாக இருவரும் சேர்ந்து ஒரு வீடியோ கேம் செய்துகொண்டிருந்தார்கள். அடுப்பிலிருந்து தப்பித்த ஒரு கெட்டில் அலமாரி, ஜன்னல், கூரை என்று தாவித் தாவி ஊரைக் கடக்க வேண்டும். தவறினால் பள்ளம். தாவும் இடங்களை வரைவது தங்கை. கெட்டிலை ஓடவும் தாவவும் விழவும் வைக்கும் புரோகிராமை எழுதுவது அண்ணன். எழுதுவதைவிட, எழுதியதைப் பெருக்கித் துடைப்பதில்தான் அவனுக்கு ஆனந்தம். பிழைகளைக் குறித்துவைக்கத் தனி நோட்டு உண்டு. அதிலிருந்த இருநூற்றுப் பன்னிரண்டு பிழைகளையும் திருத்தி முடித்துவிட்டு இரண்டு நாளாகக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி வளைய வந்துகொண்டிருந்தான்.

சுவரில் ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. யார் எதை மாற்றினாலும் அதில் எழுதியாக வேண்டும். எழுதாமல் மாற்றுகிறவர் ஒரு வாரம் மூன்றாவது நாற்காலியில் உட்கார வேண்டும். அதற்கு ஒரு கால் குட்டை. தும்மினால்கூட ஆளைச் சாய்த்துவிடும். இந்தச் சட்டத்தைப் போட்டவன் அண்ணன். மூன்று முறை தண்டனை அனுபவித்தவள் தங்கை, அதிலும் ஒரு தடவை ஒரே ஒரு மேகத்தை நகர்த்திய குற்றத்துக்காக.

அன்று நாலு மணிக்கு கேம் வெளியிடும் கம்பெனியிலிருந்து ஒரு மேடம் வருவதாக இருந்தது. அவருக்குப் பிடித்தால் கேம் வெளியே வரும். பிடிக்காவிட்டால் கெட்டில் திரும்ப அடுப்புக்குத்தான் போக வேண்டும்.

காலையில் ஒத்திகையாகத் தெரிந்தவர்கள் மூன்று பேரை அழைத்து விளையாடச் சொன்னார்கள். ஏழாவது லெவலில் மூவரும் தொபுக்கடீர் தொபுக்கடீர் என்று விழுந்தார்கள். எதிர்வீட்டு மாமா கன்ட்ரோலரை மேசைமேல் வைத்துவிட்டு, "நான் சரியாத்தான் அமுக்குறேன், இது ஏமாத்துது" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

"பள்ளம் ரொம்ப அகலம்" என்றான் அண்ணன். "குறைச்சிடு."

"இதே பள்ளம்தானே ஆறு மாசமா இருக்கு? அப்போ எல்லாரும் தாண்டினாங்களே அண்ணா."

"அப்போ பாதி கேம்தானே இருந்துச்சு. இப்பதான் எல்லாம் சுத்தமா இருக்கு. தப்பு எங்கேன்னு இப்பதான் தெரியுது."

தங்கை சண்டை போடவில்லை. "சரி" என்று மட்டும் சொன்னாள். அவள் கத்தியிருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஏழாவது லெவல் அவளுடைய செல்லப்பிள்ளை. பதினொரு கூரைகளை எங்கேயும் நிற்காமல் ஒரே ஓட்டத்தில் தாண்ட வேண்டும். அதை வரைய நாலு மாதம் ஆயிற்று. இப்போது முதல் கூரையை இரண்டாவதோடு நெருக்கி வைத்தாள். கூரைகள் கூரையாக இல்லாமல் படிக்கட்டாகிக்கொண்டிருந்தன. அவள் மூக்கு சிவந்திருந்ததைப் பார்க்காதவன் மாதிரி அண்ணன் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினான். பல் டாக்டரையும் ஒரு தடவை விளையாடச் சொல்லலாம் என்று ஒரு சாக்கு.

கிளினிக்கில் காத்திருக்கிறவர்கள் பயத்தை மறக்கட்டும் என்று, ஆறு மாதத்துக்கு முன்னால் அங்கிருந்த டிவியில் கேமைப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஆறு மாதத்துக்கு முந்திய கேம்! வானம் பச்சை, ஏனென்றால் அப்போது நிறமே முடிவாகவில்லை. கெட்டில் என்பது மூக்கு வைத்த சாம்பல் நிற டப்பா. அது தாவும்போது வரும் 'ட்ளொக்' சத்தம், அண்ணன் நாக்கைத் தட்டிப் பதிவு செய்தது. புதுசைப் போட்டுத் தருகிறேன் என்று அவன் கெஞ்சாத நாளில்லை. வரவேற்பில் இருக்கும் அக்கா அசைந்து கொடுக்கவில்லை. "நல்லா ஓடிட்டிருக்கு தம்பி, கை வைக்காதே."

இப்போது ஒரு பஸ் டிரைவர் விளையாடிக்கொண்டிருந்தார். பல் பிடுங்குவதற்கு ஊசி போட்டு, ஒரு பக்கக் கன்னம் மரத்துப்போய், உதடு கோணியிருந்தது. ட்ளொக். ட்ளொக். வீங்கிய தாடையோடு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் சேர்ந்து எண்ணினார்கள். எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று! கைதட்டல் அறையை நிறைத்தது. ஏழாவது லெவல்தான் அது.

அண்ணன் டிவி அருகே போய்ப் பள்ளங்களைக் கூர்ந்து பார்த்தான். எல்லாம் அதே அகலம்.

"சார், இதையும் ஒரு தடவை ஆடுங்க" என்று லேப்டாப்பை டிரைவரின் மடியில் வைத்தான்.

"அடடா, ஆவியெல்லாம் வருது! விசில் வேற அடிக்குது!" டிரைவர் பாதி வாயால் சிரித்தார். இரண்டாவது கூரையில் விழுந்தார். மறுபடியும் விழுந்தார். மூன்றாவது தடவையும் விழுந்த பிறகு சிரிப்பு காணாமல் போயிருந்தது.

"பாக்க அழகாத்தான் இருக்கு சார். ஆனா ஈவு இரக்கம் இல்லாத கெட்டிலா இருக்கே" என்றார். "பழசு, ஓரத்தைத் தாண்டின பிறகும் துளி நேரம் பொறுக்குது. பிரேக் போட்டா பஸ் அதே இடத்துலயா நிக்குது? கொஞ்சம் ஓடித்தான் நிக்கும். மனுஷன் கையும் அப்படித்தானே? இது அந்தக் கொஞ்சத்தைத் தர மாட்டேங்குது."

அண்ணனுக்கு நோட்டில் நாற்பத்தொன்றாவது வரி கண்முன் வந்து நின்றது: 'காலடியில் கூரை முடிந்த பிறகும், பத்தில் ஒரு பங்கு விநாடி வரை, அமுக்கினால் கெட்டில் தாவுகிறது. வெட்கக்கேடு.' போன செவ்வாய்க்கிழமை இரண்டே வரியில் அதைத் திருத்தியிருந்தான். இவ்வளவு சின்னதைப் போய் எழுதுவதா என்று பலகையில் எழுதவில்லை.

படியேறும்போது ஒரு குறுக்குவழி தோன்றத்தான் செய்தது. 'சரி, பழைய அகலமே இருக்கட்டும்' என்று பெரிய மனசோடு சொல்லிவிட்டு, அந்த இரண்டு வரிகளைக் கமுக்கமாக மாற்றிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் கதவைத் திறந்ததும் தங்கை எட்டாவது கூரையை இழுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தான். நாலு மாத உழைப்பை அவன் ஒரு வார்த்தை சொன்னதற்காக அவளே உடைத்துக்கொண்டிருந்தாள். அவனுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது.

"நிறுத்து. உன் பள்ளம் சரியாத்தான் இருக்கு. தப்பு பண்ணது நான்" என்றான். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னான், டிரைவரின் பிரேக் உட்பட.

தங்கை மூக்கை உறிஞ்சினாள். "பலகையில எழுதினியா?"

"இல்லை."

"ஒரு மேகத்துக்கு எனக்கு எத்தனை நாள்?"

அண்ணன் மூன்றாவது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அது உடனே அவனை இடதுபக்கம் சாய்த்தது. தங்கைக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. அப்படியே சாய்ந்தபடி அவன் நாற்பத்தொன்றாவது பிழையைத் திரும்பப் புரோகிராமுக்குள் வைத்தான். அவள் கூரைகளைப் பழைய இடத்துக்கு நகர்த்தினாள். மூன்றரைக்கு எல்லாம் முடிந்தது. பலகையில் தன் கையாலேயே எழுதினான்: 'ஒரு பிழை திரும்ப வந்துவிட்டது. யாரும் திருத்த வேண்டாம்.'

நாலு மணிக்கு மேடம் வந்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "எனக்கு இந்தத் தாவுறதெல்லாம் சுத்தமா வராது, முன்னாடியே சொல்லிடறேன்" என்றார். கேம் விற்கிறவர் சொல்கிற பேச்சா இது என்று இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஏழாவது லெவல் வந்தது. மேடம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினார். பத்தாவது கூரையின் நுனியில் விரல் பிந்திவிட்டது. கெட்டில் கூரையைவிட்டு வெளியே வந்ததை அண்ணன் கண்ணாரக் கண்டான். காலடியில் ஒன்றுமே இல்லை. அப்புறம்தான் மேடம் அமுக்கினார். கெட்டில் விசிலடித்துக்கொண்டு எழும்பி, பதினொன்றாவது கூரையில் ஜம்மென்று இறங்கியது.

"பாத்தீங்களா!" மேடம் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "மிகச் சரியா ஓரத்துல அமுக்கினேன்!"

தப்பை யார் சொன்னாலும் அந்த இடத்திலேயே திருத்துகிறவன் அண்ணன். திருத்த வாய் திறந்தான். தங்கை அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா மேடம்" என்றான். "மயிரிழை தப்பாம, சரியா ஓரத்துல."

அந்தப் பொய்யைச் சொல்லி முடிப்பதற்குள் நாற்காலி அவனைச் சாய்த்தது. தங்கை மேசைக்கடியில் காலை நீட்டி, விழாமல் அதை முட்டுக்கொடுத்துப் பிடித்துக்கொண்டாள். மேடம் எதையும் கவனிக்கவில்லை. கன்ட்ரோலரைக் கீழே வைக்காமலே, "எட்டாவது லெவல் எங்கே?" என்று கேட்டார்.