சூட்டு யோகாவும் கிருபாவின் கிளட்சும்

ஜெபசிங் எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய தொண்டை இன்னும் பெறவில்லை. கார் ஓட்டவேண்டும் என்பது மனைவி கிருபாவின் பல வருட ஆசை. கற்றுக்கொடுக்க ஆரம்பித்த மூன்றாம் நாள், இலஞ்சி ரோட்டில், "ஏட்டி, கிளட்ச மிதின்னா ஹாரனையா அமுக்குத?" என்று அவர் போட்ட சத்தத்தில் வயல் கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தது.

கிருபா வண்டியை அணைத்து, சாவியை அவர் மடியில் வைத்தாள். "பொறுமை எங்கயாவது கிடைச்சா வாங்கிட்டுச் சொல்லுங்க. அதுவரைக்கும் எனக்கு மினி பஸ்ஸு போதும்."

அதிலிருந்து ஞாயிறு ஆராதனைக்கும் மினி பஸ்தான். பின்னாலேயே காரில் ஜெபசிங். காலியாகக் கிடந்த பக்கத்து சீட்டைப் பார்க்கப் பார்க்க அவருக்கு உறுத்தியது.

பொறுமை, தென்காசியில் ஒரு புரோட்டாக் கடை மாடியில் கிடைத்தது. போர்டில் 'உஷ்ண யோகப் பேரரங்கம்' என்றிருந்தது. நடத்திய குற்றாலீஸ்வரன் பெங்களூரில் படித்துவிட்டு வந்தவர். பால்காரரிடம்கூடத் தன்னை ஆச்சார்யா என்றுதான் சொல்லிக்கொள்வார். "உள் அக்கினியை வெளி அக்கினி சந்திக்கட்டும்" என்பார். வெளி அக்கினியில் பாதி ஹீட்டர், மீதி கீழேயிருந்த புரோட்டாக் கல்.

"ஊரு உலகமெல்லாம் குளுமைக்குக் குற்றாலம் வருது. இவுக வேகப் போறாக" என்று கிருபா சிரித்தாள்.

முதல் நாள் ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னதும், "ஏலே, கதவத் தொறலே" என்று ஜெபசிங் கத்தினார். கத்தியதில் மூச்சு போனது. மூச்சு போனதில் கால் போனது. நெல் மூட்டை மாதிரி பாயில் சாய்ந்தார். ஆச்சார்யாவின் தத்துவம் ஒன்றும் அவருக்கு ஏறவில்லை. விழுந்து விழுந்து ஒன்று மட்டும் ஏறியது: அந்தச் சூட்டில் ஒன்று கத்தலாம், இல்லாவிட்டால் நிற்கலாம். கடைசியில் சவாசனத்தில் கிடக்கும்போது சால்னா வாசம் மேலேறி வரும். ரிஷிகளுக்கு அப்படியொரு சோதனை வந்ததாகத் தெரியவில்லை. அதையும் அசையாமல் கடந்தார். வகுப்பு முடிந்ததும் கீழே போய் உட்கார்ந்தது வேறு விஷயம்.

இப்படியே மாதங்கள் போயின. ஒருநாள் குழம்பில் உப்பில்லை. ஜெபசிங் எழுந்துபோய் உப்பு டப்பாவை எடுத்துவந்து போட்டுக்கொண்டு சாப்பிட்டார். கிருபா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு வண்டிய எடுப்பமா?" என்றாள்.

மறுநாள் சாரல். குற்றாலம் ரோடு முழுக்க வேனும் பஸ்ஸும். கூட்டத்துக்கு நடுவில் கிருபா ஓட்டிய வண்டி நின்றுபோனது. பின்னால் ஹாரன் அலறியது. ஜெபசிங் மூக்கால் மூச்சை இழுத்து இழுத்து விட்டார்.

"என்ன, நெஞ்சு வலிக்கா?"

"இல்ல. பொறுமையா இருக்கேன்."

"கொஞ்சம் சத்தமில்லாம இருங்க. இன்ஜின் கேக்கமாட்டேங்கு."

அவர் மூச்சைக் குறைத்தார். அவளே சாவியைத் திருப்பி, குலுக்கிக் குலுக்கி வண்டியை நகர்த்தினாள். அருவிக்குத் திரும்பும் இடம் வந்தது, வண்டி திரும்பவில்லை.

"கிருபா, அங்கன வளைக்கணும்."

"கூட்டத்துக்குள்ள வளைக்கப் பயமா இருக்கு. எனக்கு நேராத்தான் வரும்."

ஜெபசிங் சத்தமில்லாமல் ஒரு மூச்சு இழுத்து விட்டார். "சரி, நேரா போ."

"நேரா போனா செங்கோட்டைல்லா வரும்?"

"ஆமா."

"அதுக்கும் அங்கிட்டு கேரளா."

"அங்கயும் ரோடு இருக்கு. போ."