எக்ஸ்பிரஸும் இரண்டு குரல்களும்

தண்ணீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் அவருக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். நடப்பது மெதுவாகத்தான், சாப்பிடுவது அதைவிட மெதுவாக. பெயர் வந்தது காதுக்கு. பார்வையில்லாத அவருக்குத் திரையில் இருப்பதையெல்லாம் குரலாகச் சொல்வது ஸ்கிரீன் ரீடர் என்ற மென்பொருள். அந்தக் குரலை அவர் ஓடவிடும் வேகம் இருக்கிறதே, பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது தகரத்தில் மழை கொட்டுவது போலத்தான் கேட்கும். அவருக்கோ ஒவ்வொரு சொல்லும் தெளிவு. புதிதாக வேலையில் சேருகிறவர்களிடம் ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்து, "என்ன சொல்லுதுன்னு சொல்லுங்க பாப்போம்" என்பார். அவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள். இவர் சிரிப்பார். கொஞ்சம் தலைக்கனம்தான். பதினோரு வருஷம் யார் தயவும் இல்லாமல் ஒரு நாற்காலியைக் காப்பாற்றியவருக்கு அந்த அளவுகூட இல்லாவிட்டால் எப்படி?

சேர்ந்த புதிதில் அவரை டெலிபோன் பிரிவில்தான் உட்காரவைக்கப் பார்த்தார்கள். கண் தெரியாதவர் என்றால் டெலிபோன் என்று யாரோ எந்தக் காலத்திலோ முடிவு கட்டிவிட்டார்கள். அவர் முரண்டு பிடித்து எழுத்து வேலை வாங்கினார். மக்கள் எழுதி அனுப்பும் புகாரைப் படிக்க வேண்டும், உரிய ஆளுக்குத் தள்ள வேண்டும், புகார் கொடுத்தவர் சரியாகிவிட்டது என்று பதில் எழுதினால் 'தீர்ந்தது' என்று மூட வேண்டும். நாளுக்கு அறுபது. பிரிவிலேயே முதலில் முடிப்பவர் அவர்தான்.

இந்த நேரம் பார்த்து வாரியம் புகார் சாஃப்ட்வேரை மாற்றியது. புதியதில் நுழைந்ததும் அவருடைய ஸ்கிரீன் ரீடருக்கு வாய் கட்டிப்போனது. எந்தக் கட்டத்துக்குப் போனாலும் "காலி, காலி, காலி" என்றது. பதினான்கு வருஷமாகக் கூட இருந்த குரல் அது. கம்ப்யூட்டர் பிரிவுக்காரர் வந்து அரை நாள் போராடிவிட்டு, இலவசமாகக் கிடைக்கும் இன்னொரு ஸ்கிரீன் ரீடரை ஏற்றினார். அது எல்லாக் கட்டத்தையும் படித்தது. ஆனால் அலுவலகத்தின் பழைய கடிதங்களில் அது தடுமாறியது, மெயிலில் பழையதுதான் கெட்டி. ஆக, இரண்டையும் வைத்துக்கொண்டு காலம் தள்ள வேண்டியதாயிற்று.

முதல் நாள் இரண்டும் ஒன்றாகக் கிளம்பிவிட்டன. ஒரே சண்டையின் கதையை அண்ணியும் நாத்தனாரும் ஒரே மூச்சில் சொன்னால் எப்படி இருக்கும், அப்படி. அதன் பிறகு ஒன்றை மூடி இன்னொன்றைத் திறக்கக் கற்றுக்கொண்டார். மூடுவதற்கும் திறப்பதற்கும் நடுவே மூன்று நொடி எந்தக் குரலும் இருக்காது. விரல் விசைப்பலகையில் இருக்கும், எதிரில் என்ன இருக்கிறது என்று தெரியாது. பிறவியிலேயே பார்வை இல்லாத அவர், இருட்டு என்றால் என்ன என்று அந்த மூன்று நொடியில்தான் உணர்ந்ததாக மனைவியிடம் சொன்னார். "மூணு நொடிதானே, மூச்சைப் பிடிச்சுக்குங்க" என்றாள் அவள். அவளுக்கு எல்லாமே சுலபம்.

மேலாளர் அம்மா நியாயஸ்தர், ஆனால் கறார். "மாசக் கடைசியில எல்லாருக்கும் புது சாஃப்ட்வேர்ல டெஸ்ட். உங்களுக்கும்தான். முடியலைன்னா தப்பா நினைக்காதீங்க, டெலிபோன் சீட் ஒண்ணு காலியா இருக்கு" என்றார்.



கணக்கு எளிது. புதிய குரல் வேறு மாதிரி, எழுத்துகளை மென்று விழுங்கும். பழகும் வரை வேகத்தைக் குறைத்திருந்தால் தீர்ந்தது. அவர் குறைக்கவில்லை. குறைத்தால் அறுபது முடியாது. எக்ஸ்பிரஸ் பாசஞ்சர் ஆகிவிட்டதென்று ஊரே சிரிக்கும். ஒவ்வொரு புகாரையும் மெயிலுக்கு எடுத்துப் பழைய குரலில் கேட்கலாமென்றால் நாளுக்குப் பத்துகூடத் தேறாது. அதனால் பதில்களின் முதல் இரண்டு வரியைப் பிடித்துக்கொண்டு மீதியை ஊகித்தார். "ஆட்கள் வந்தார்கள், குழாயைப் பார்த்தார்கள்" என்று காதில் விழுந்ததா? தீர்ந்தது. அடுத்தது.

இதை அவர் ஒருவரிடம் மட்டும் சொன்னார். வேறு ஊரில் பார்வையற்றோருக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு எடுக்கும் டீச்சர். அவருக்கும் பார்வை கிடையாது, அவரும் ஒருகாலத்தில் குரல் மாற்றித் திண்டாடியவர்தான். தினமும் மதியம் சாட்டில் எழுதிக்கொள்வார்கள். "இன்னைக்கு ரெண்டு புகாரை முழுசாக் கேக்காமலே மூடிட்டேன். எந்த நம்பர்னும் தெரியும். திறக்கப் பயமா இருக்கு" என்று இரண்டு நம்பரையும் போட்டு எழுதினார். "ஸ்பீடைக் குறைங்க சார், கௌரவம் பாக்காதீங்க" என்று டீச்சர் எழுதினார். மறுநாள் இன்னொரு நம்பர். அதற்கும் அதே பதில்.

தைரியமாக எழுதியதற்குக் காரணம் இருந்தது. அவர் எப்போதும் திரையை இருட்டாக்கித்தான் வேலை செய்வார். காலையில் ஸ்கிரீன் ரீடரிடம் ஒருமுறை சொன்னால் போதும், திரை கறுத்துவிடும், கணினி பாட்டுக்கு வேலை செய்யும். தனக்கு உதவாத வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் நிற்பவருக்கு எதற்கு?

மாசக் கடைசிக்கு முதல் நாள், டெஸ்டுக்காகக் கணினியைச் சரிபார்க்கக் கம்ப்யூட்டர் பிரிவுக்காரர் வந்தார்.

"என்ன சார், இப்பல்லாம் ஸ்கிரீனைத் திறந்து வெச்சே வேலை செய்யறீங்களா?"

"இல்லையே. மூடித்தானே இருக்கு?"

"பளிச்சுன்னு எரியுதே சார். ஓ... நீங்க பழசை மூடினா அது போட்ட இருட்டும் கூடவே போயிடும். மறுபடி பழசைத் திறந்தாலும், நீங்க சொன்னாத்தான் மறுபடி இருட்டாக்கும். நான் சொல்லலையா?"

சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. இத்தனை வருஷமாகச் சாயங்காலம் வரை மூடாமலே இருந்த மென்பொருள், மூடினால் எதையெல்லாம் தன்னோடு எடுத்துக்கொண்டு போகும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. குரல் மாறி ஒன்பது நாள். ஒன்பது நாளும் மதியச் சாட் நட்ட நடு ஹாலில் வெட்டவெளிச்சமாக இருந்திருக்கிறது.

கம்ப்யூட்டர் பிரிவுக்காரர் போன பிறகும் அவர் கையை மேஜையிலிருந்து எடுக்கவில்லை. பக்கத்து மேஜை அக்காவுடையது. ஐம்பத்தொன்பது வயது, சத்தமான சிரிப்பு, அலுவலகத்தில் யார் வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும் அக்காவுக்குத் தெரிந்துவிடும். அவருடைய திரை அக்கா உட்காரும் இடத்திலிருந்து ஒரு முழ தூரம். அப்படியானால் இந்நேரம் ஹால் முழுக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் யாருடைய குரலிலும் ஒரு மாற்றமும் இல்லையே?

சந்தேகம் தட்டியது. தான் மூடிய மூன்று புகார்களின் வரலாற்றை மெயிலுக்கு அனுப்பி, பழைய குரலில் கேட்டார். மூன்றும் மறுபடி திறக்கப்பட்டிருந்தன. மூன்றுக்கும் ஆள் அனுப்பப்பட்டிருந்தது. திறந்தவர் அக்கா.

மூன்றாவது புகாரில் இருந்த எண்ணுக்கு அவரே போன் செய்தார். ஒரு பெண் எடுத்தாள். மூன்றாவது மாடி வீடு, படுத்த படுக்கையாக அப்பா. ஆட்கள் வந்து குழாயைப் பார்த்துவிட்டு, பிறகு வருகிறோம் என்று போனவர்கள்தான். அவள் அதைத்தான் எழுதியிருந்தாள். இவர் மூடியதால் இன்னும் நான்கு நாள் குடம் குடமாக மாடி ஏற்றியிருக்கிறாள்.

"இப்ப தண்ணி வருதுங்க. உங்க ஆபீஸ் அம்மா ரெண்டு தடவை கூப்பிட்டுப் பேசினாங்க. நான்தான் கவனிக்காம மூடிட்டேன், தப்பு என்னுதுன்னு அழாத குறையா மன்னிப்பு கேட்டாங்க. திட்ட இருந்தேன், மனசு வரல" என்றாள்.

போனை வைத்தபோது அவருக்கு முகமெல்லாம் எரிந்தது. வெட்கமா கோபமா என்று பிரிக்க முடியவில்லை, இரண்டும்தான்.

"அக்கா."

"சொல்லுங்க தம்பி."

"எத்தனை நாளாப் படிக்கிறீங்க?"

அக்கா நாற்காலியைத் திருப்பும் சத்தம் கேட்டது. மழுப்புவார் என்று நினைத்தார். அக்கா மழுப்பவில்லை.

"முதல் நாள் தானா கண்ணுல பட்டுச்சு. அதுக்கப்புறம் நானேதான் படிச்சேன். பொய் சொல்ல மாட்டேன்."

"திரை எரியுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா மூடிடுவீங்க. மூடிட்டா எந்தப் புகார் தப்பாப் போச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்? அங்க ஒருத்தி குடம் தூக்கிட்டிருக்கா."

"என் கடிதம் அக்கா அது. எனக்கும் இன்னொருத்தருக்கும் நடுவுல இருக்கறது. உங்க புருஷன் எழுதற கடிதத்தை நான் எடுத்துப் படிச்சா சும்மா இருப்பீங்களா?"

அக்கா நாற்காலியை அருகே இழுத்தார்.

"தப்புதான்" என்றார் தாழ்ந்த குரலில். "தண்ணி வராதவங்களுக்காகன்னு ஆரம்பிச்சேன். அப்புறம் உங்களுக்காகன்னு ஆச்சு. எப்படிப் பாத்தாலும் படிச்சது தப்புதான். என்னைப் பத்தி ஊர் வாய்னு எழுதியிருந்தீங்க, அதையும் படிச்சேன். அந்தத் தண்டனை போதாதா?"

அவர் கூசிப்போனார். எழுதியிருந்தார்தான். அந்த அக்காவுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான், அது ஊர் வாய் என்று. அந்த ஊர் வாய் ஒன்பது நாள் ஒரு வார்த்தை வெளியே விடாமல் மூடியிருந்திருக்கிறது.

"தப்பு உங்களுதுன்னு ஏன் சொன்னீங்க?"

"அந்தப் பொண்ணுகிட்ட மட்டும் இல்ல, மேடம்கிட்டயும் சொல்லிட்டேன். மூணு புகாரையும் உங்க மேஜையில உக்காந்து நான்தான் மூடினேன்னு. எனக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு எட்டு மாசம், ஒரு மெமோ என்னை என்ன பண்ணிடும்? உங்களுக்கு நாற்காலியே போயிடும்."

அவர் எழுந்தார். மேலாளர் அறைக்குப் பதினெட்டு எட்டு. நாற்காலி போய்விடும் என்று ஒவ்வோர் எட்டிலும் மனது சொன்னது. திரும்பிவிடலாம், நாளைய டெஸ்டை எப்படியாவது ஒப்பேற்றிவிடலாம், அக்காவே மனம் வந்துதானே செய்தார் என்றும் சொன்னது. அவர் கதவைத் தட்டினார்.

"மேடம், அக்காவுக்குக் குடுக்கப்போற மெமோ என் பேர்ல வரணும். மூணையும் மூடினது நான். முழுசாக் கேக்காம மூடினேன். வேகத்தைக் குறைச்சா மானம் போயிடும்னு நினைச்சேன்."

மேலாளர் அம்மா பேனாவை மேஜையில் வைக்கும் சத்தம் கேட்டது. "அவங்க சொன்னப்பவே நம்பல. யோசிச்சுத்தான் பேசறீங்களா? பேரை மாத்தினா இந்த விஷயத்தை நான் சும்மா விட முடியாது."

"தெரியும் மேடம்."

"போய் உக்காருங்க. அரை மணியில வரும். மெமோவும் இப்ப புது சாஃப்ட்வேர்லதான். வேணும்னா யாரையாவது விட்டுப் படிச்சுச் சொல்லச் சொல்லவா?"

"வேணாம் மேடம். நானே கேட்டுக்கறேன்."

அரை மணியில் வந்தது. அவர் பழைய குரலை மூடினார். மூன்று நொடி. புதியது எழுந்து தன் வழக்கமான வேகத்தில் மெமோவை மென்று துப்பியது. "கவனக்குறைவு" என்பது மட்டும் பிடிபட்டது. இத்தனை நாளில் முதல் தடவையாக அவர் வேகத்தைக் குறைக்கும் விசையை அழுத்தினார். ஒருமுறை. போதவில்லை. இன்னும் நான்கு முறை. குரல் நடைக்கு வந்தது, சொற்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து நின்றன. ஹெட்போன் வழியாக அவருடைய பெயர், அவருடைய எண், மூன்று புகார் எண்கள், நான்கு நாள் தண்ணீர் வராத வீட்டின் முகவரி, எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. தாவிக் குதிக்க விரல் துடித்தது. குதிக்கவில்லை. ஒவ்வொரு வரியும் சுருக்கென்று தைத்தது.

"என்ன தம்பி போட்டிருக்கு?"

அவரை நிமிரவைத்தது அக்காவின் கேள்வி அல்ல, குரல் வந்த திசை. திரை எரிந்துகொண்டிருக்கிறது, ஒரு முழ தூரத்தில் பெரிய எழுத்தில் மெமோ நிற்கிறது, திரும்பிப் பார்த்தால் அவருக்கு முன்பே அக்கா படித்து முடித்திருக்கலாம். குரலோ அந்தப் பக்கம், ஜன்னலைப் பார்த்துப் பேசுவது போல வந்தது. திரையைப் பார்க்காமல் அக்கா முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தார்.

"இருங்கக்கா. கடைசி வரி இன்னும் வரல."

அக்கா காத்திருந்தார். கடைசி வரி மெதுவாக வந்து முடிந்தது.

"டெஸ்டை ஒரு மாசம் தள்ளி வெச்சிருக்காங்க" என்றார் அவர். "அது வரைக்கும் நாளுக்கு முப்பது போதுமாம். அதுக்குள்ள இன்னொரு புகார் இப்படி மூடினா, டெலிபோன்."

ஜன்னல் பக்கத்தில் அக்கா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அவர் மெமோவை மூடிவிட்டு, அடுத்த புகாரை எடுத்து, முதல் வரியிலிருந்து கேட்க ஆரம்பித்தார்.