அக்கா வாய் திறக்காத பிற்பகல்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. எங்கள் மலை நகரமான லா பாஸில், வீட்டுச் சமையலறையில், என் அக்கா செனோபியா முகத்தைக் காட்டாமல் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னது. அரசுக்காக அயல்நாடுகளோடு வர்த்தகப் பேரம் பேசுகிறவள்.

"எழுதுடா. ஆனா என்னைப் பாவம்னு மட்டும் எழுதிடாதே."

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'வல்லரசுகள் ஏமாற்றிய ஒரு சிறிய நாட்டின்...'

அடித்துவிட்டேன். எங்களை யாரும் ஏமாற்றவில்லை.

2

எங்கள் நாட்டுக்குக் கடல் கிடையாது. பக்கத்து நாட்டுக்கும் கிடையாது (அதன் பெயரை எழுத முகம் இல்லை). இரு நாட்டு சோயாவும் ஒரே ஆற்றில், ஒரு பெரிய நாட்டைக் கடந்துதான் கடலுக்குப் போகும். அந்த நாடு படகு வரியை உயர்த்தியது. வளரும் நாடுகளின் கூட்டணி மாநாட்டில் (இரண்டும் அதில் இன்னும் உறுப்பினர் அல்ல, அழைக்கப்பட்ட விருந்தாளிகள்தான்) இரு நாடுகளும் சேர்ந்தே எதிர்ப்பதென்று முடிவானது.

மாநாட்டன்று காலையில் பக்கத்து நாட்டுப் பிரதிநிதி தெல்ஃபின் அயாலா, தெரெரே என்ற குளிர்ந்த மூலிகைத் தேநீர் இருந்த தன் குவளையை அக்காவிடம் நீட்டினார்.

"அக்கா, நான் ஆரம்பிக்கிறேன், நீங்க பின்னாடியே பிடிச்சுக்குங்க. தனியா விட்டீங்கன்னா என்னை மென்னு துப்பிடுவாங்க."

"மலைக்காரி சொன்னா சொன்னதுதான். நீ முதல்ல இந்தப் பச்சைத் தண்ணியச் சூடு பண்ணிக் குடிக்கக் கத்துக்கோ."

3

மதிய உணவில் பெரிய நாட்டின் தூதர் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உங்க படகுக்கு மட்டும் பாதி வரி. கூட்டணியில சேர எங்க ஆதரவும் உண்டு. நீங்க ஒண்ணும் செய்ய வேணாம் மேடம், சும்மா இருந்தாப் போதும்."

[இங்கே அக்காவின் மனப்போராட்டத்தை ஒரு பக்கத்துக்கு எழுதி, படித்துக் காட்டினேன். "போராட்டமா? இனிப்பு தின்னுக்கிட்டே சரின்னுட்டேன்டா" என்றாள். பக்கம் போய்விட்டது.]

பிற்பகலில் தெல்ஃபின் எழுந்து பேசினார். முடித்ததும் அக்காவைப் பார்த்தார். அக்கா காதிலிருந்த மொழிபெயர்ப்புக் கருவியைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

அவர் பேசியது ஸ்பானிய மொழியில். எங்கள் மொழியில்.

4

இது கட்டுரையாக இருந்தால் எழுதியிருப்பேன்: 'கூட்டணிகள் கற்றுத்தரும் பாடம் இதுதான். பெரியவர்களின் பலம் நம்மைத் தனித்தனியாகச் சாப்பிடக் கூப்பிடுவதில் இருக்கிறது. ஆகவே சிறிய நாடுகள்...'

(சரியான வாக்கியம்தான். ஆனால் பழியை அவர்கள் தலையில் கட்டிவிட்டு நழுவுகிறது. கூப்பிட்டதும் போனது யார்?)

விமான நிலையத்தில் அக்காவின் தலையில் வண்ணக் காகிதத் துணுக்குகளைத் தூவி வரவேற்றார்கள். வரியைப் பாதியாக்கிய வீராங்கனை! வீட்டுக்கு வந்து தலையைத் திரும்பத் திரும்ப அலசினாள்.

5

ஒரே ஒரு அறுவடை. பிறகு எங்கள் வரியும் ஏறியது. அடுத்த மாநாட்டில் எதிர்த்துப் பேச வேண்டியவள் அக்கா. கூட நிற்க ஆளில்லை. அன்று மதியம் அவளுக்குப் போன் வந்தது. தெல்ஃபின்.

"அக்கா, இந்தத் தடவை சாப்பிட என்னைக் கூப்பிட்டிருக்காங்க. உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்காமப் போக மனசு வரல. போகட்டுமா?"

அக்கா என்ன பதில் சொன்னாள்? கேட்டேன். சொல்ல மறுத்துவிட்டாள்.

நானே எழுதிப் பார்த்த ஒரு முடிவில் அவளை மன்னிப்புக் கேட்க வைத்தேன். இன்னொன்றில் தெல்ஃபின் பழிவாங்குகிறார். இரண்டையும் அவளிடம் காட்டக் கூசுகிறது. இரண்டிலும் அவள் சுலபமாகத் தப்பிக்கிறாள்.

'போகாதே' என்று சொல்லும் தகுதி உங்களுக்கு இருந்தால், இந்தப் போனை வாங்கிக்கொள்ளுங்கள். அவர் இன்னும் காத்திருக்கிறார்.