நெத்திலிக்குள் ஒரு பொத்தான்

ஜாவித் அந்த பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்தபோது மதியச் சாப்பாடு என்றுதான் துலாய் நினைத்தாள். உள்ளே மூன்று நெத்திலிகள் இருந்தன. சமைக்காதவை. மூன்றின் வயிற்றையும் கீறி, மறுபடி கறுப்பு நூலால் தைத்திருந்தது. ஆஸ்பத்திரித் தையல் போல அத்தனை சீராக இருந்தது. ஒவ்வொன்றின் வாயிலிருந்தும் மெல்லிய தூண்டில் நரம்பு கிளம்பித் தனித்தனித் தக்கையில் சுற்றியிருந்தது. பனி விழுந்துகொண்டிருந்த பயணிகள் படகின் மேல்தளத்தில் அவர்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. காடிக்கோய்த் துறையில் ஏறியவர்கள் எல்லாரும் கீழே கண்ணாடிக்குப் பின்னால் வெதுவெதுப்பில் அடைந்துகொண்டு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"வயித்துல என்ன?" என்று கேட்டாள்.

"சட்டைப் பொத்தான். தொண்டையில நிக்கணும்ல."

தேநீருக்குச் சர்க்கரை எதற்கு என்று கேட்டவளுக்குப் பதில் சொல்வது போலத்தான் சொன்னார். சொல்லிக்கொண்டே கழுத்துப்பட்டையை இழுத்துவிட்டு, கேமராவின் முகத்தில் விழுந்த பனியை ஊதித் தள்ளினார்.

துலாய்க்கு நாற்பத்தாறு வயது. காடிக்கோய் மீன் கடைத்தெருவை அடுத்த சந்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. முதல் புருஷன் எர்ஜான் கத்துகிறவன். உப்பு குறைந்தால் கத்துவான், பஸ் தாமதமானால் கத்துவான், தொலைக்காட்சியில் பந்து வெளியே போனால் அவளைப் பார்த்துக் கத்துவான். பதினேழு வருஷம் அதைக் காதில் வாங்கிவிட்டு விவாகரத்து வாங்கியபோது, வீட்டில் இருந்த அமைதியே போதும், இனி ஒரு ஆண்குரலும் வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தாள். அப்புறம் ஜாவித் கண்ணாடி மாற்ற வந்தார். விளம்பரப் படங்கள் எடுத்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். எண்ணெய் போட்ட கதவு மாதிரிக் குரல். எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னால்கூட, பக்கத்தில் குழந்தை தூங்குகிறது என்பதுபோலப் படித்தார். மூன்றாம் முறை வந்தபோது தான் எடுத்த படம் ஒன்றைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். கொட்டும் பனியில் ஒரு கடற்காகம். இறக்கைகள் முழுதாக விரிந்து, ஒவ்வொரு இறகும் தனித்தனியாய்த் தெரிய, நேராக அவளைப் பார்த்தபடி. அலகு திறந்திருந்தது. அது கூவுகிறது என்று அவள் நினைத்தாள். கட்டிலுக்கு மேலே மாட்டினாள். தங்கை புர்சாவிலிருந்து வந்தபோது, இவ்வளவு பொறுமைசாலியை விட்டுவிடாதே என்று சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த மாதம் நகராட்சியில் கல்யாணப் பதிவுக்கு நாள் வாங்கியாயிற்று.

பனியில் பறவையைப் படம் பிடிப்பது எளிதில்லை என்று துலாய்க்கும் தெரியும். இந்தக் குளிர்காலத்தில் அவளே நூற்றுக்கணக்கில் எடுத்துப் பார்த்துவிட்டாள். கேமரா பறவையை விட்டுவிட்டு முன்னால் விழும் பனித்துகளைப் பிடித்துக்கொள்ளும். பறவை சாம்பல் கறையாகப் பின்னால் எங்கோ கரைந்துபோகும். பயணிகள் வீசும் ரொட்டிக்காகப் படகின் பின்னால் வரும் கடற்காகங்கள் ஒரு நொடிகூட ஒரே தூரத்தில் நிற்பதில்லை. உங்களுக்கு மட்டும் எப்படி அமைகிறது என்று அவள் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். பனி நன்றாக விழும் நாளில் காட்டுகிறேன் என்று சொல்லியிருந்தார். காலையில் தொலைபேசியில் கூப்பிட்டு, இன்றைக்குத்தான் அந்த நாள் என்றார்.

அவர் ஒரு தக்கையை அவள் கையில் வைத்தார். கையுறையைக் கழற்றச் சொன்னார், இல்லாவிட்டால் இழுவை தெரியாதாம். பின்கம்பிக்கு அப்பால் கடற்காகங்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. நெத்திலியின் வாலைப் பிடித்து அவர் மேலே வீசினார். ஒன்று சரிந்து வந்து அதைக் காற்றிலேயே கவ்வி விழுங்கியது. அடுத்த கணம் துலாயின் விரல்களில் நரம்பு இறுகியது.

அந்த இழுவையை அவள் எதிர்பார்க்கவில்லை. நரம்பு மட்டும் இழுபடும் என்று நினைத்திருந்தாள். ஆனால் மறுமுனையில் வெதுவெதுப்பான, துடிக்கிற ஒரு கனம் இருந்தது. அந்தத் துடிப்பு நரம்பு வழியே வந்து அவள் உள்ளங்கையில் அடித்தது. பறவை பின்னோக்கிப் போகப் பார்த்தது, முடியவில்லை. படகின் வேகத்துக்கு ஈடுகொடுத்துப் பறந்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் தொண்டை கிழியும். அதனால் இறக்கைகளை முழுதாக விரித்து, கழுத்தை நீட்டி, அலகைத் திறந்தபடி ஒரே தூரத்தில், ஒரே உயரத்தில் நின்றது. சுற்றிலும் பனி விழுந்துகொண்டிருந்தது. அத்தனை அழகாக இருந்தது.

"வா கண்ணு, வா," என்றார் ஜாவித். பறவையிடம்தான். "அப்படியே. பயப்படாத. இன்னும் கொஞ்சம்."

கேமரா சடசடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு அதே குரலில், தலையைத் திருப்பாமலே, "கொஞ்சம் கீழ இறக்கு கண்ணு," என்றார்.

இந்தக் கண்ணு அவள்தான் என்று புரிய ஒரு கணம் பிடித்தது. புரிந்ததும் இறக்கினாள். அதுதான் பின்னால் அவளுக்குத் தாங்கவில்லை. யோசிக்கவே இல்லை, கை தானாக இறங்கியது. இன்னொரு முறை சொன்னார், இன்னொரு முறை இறக்கினாள். பறவை தலையை உதறியது. அலகோரத்தில் சிவப்பாக ஏதோ கசிந்து வெள்ளை நெஞ்சில் ஒரு புள்ளியாக விழுந்தது. "அதைக் கணினியில எடுத்துடலாம்," என்று முணுமுணுத்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து நகவெட்டியை எடுத்து நரம்பை வெட்டினார். கடற்காகம் கனமாகச் சரிந்து, அறுந்த நரம்பை ஒளிரும் கோடாக இழுத்துக்கொண்டு பனிக்குள் போய் மறைந்தது. டப்பாவில் இன்னும் இரண்டு இருந்தன. அவள் முகத்தைப் பார்த்து அவர் மூடிவிட்டார். குளிர் அதிகம், போதும் என்றார்.

உள்ளே வந்து உட்கார்ந்ததும் சின்ன பாட்டிலிலிருந்து எலுமிச்சை மணக்கும் கொலோன் நீரை எடுத்து அவள் உள்ளங்கையில் ஊற்றித் தன் இரண்டு கைகளாலும் தேய்த்துவிட்டார். நரம்பு அறுத்த இடத்தில் எரிந்தது. மீன் வாடை போகவில்லை. எலுமிச்சையோடு கலந்து இன்னும் மோசமானது. சுத்தமாக வெட்டிய நகங்கள், மென்மையான விரல்கள். இந்த விரல்கள் நேற்றிரவு சமையலறை மேசையில் விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு, செத்த மீனின் வயிற்றுக்குள் பொத்தானை வைத்து ஊசியால் தைத்திருக்கும் என்று நினைத்தபோது, அவள் கை அவர் கைக்குள் ஈரத் துணி மாதிரிக் கிடந்தது. அவர் கேமராத் திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். குறை சொல்ல ஒன்றுமில்லை. கண்ணின் மஞ்சள் வளையத்தில் பனித்துகள்கூடத் தெரிந்தது.

"என் வீட்டுல இருக்கறது?" என்றாள்.

"அதுவும்தான். அது முதல் தடவையே நல்லா வந்துச்சு."

"அது கூவுதுன்னு நெனச்சேன்."

"நெனச்சுக்க," என்று சிரித்தார். "அதுக்குத்தானே படம்."

எதிர்க்கரையில் எமினோனுத் துறையில் படகு ஒட்டியதும் எல்லாரையும் போல எழுந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவள் பின்னால் வருகிறாள் என்ற நிச்சயத்தோடு அவர் கூட்டத்தில் இறங்கிப் போனார். துலாய் எழுந்திருக்கவில்லை. அது தீர்மானமெல்லாம் இல்லை. கால் எழவில்லை, அவ்வளவுதான். தேநீர்த் தட்டோடு வந்த ரிஃப்கி, வருஷக்கணக்காக இந்தத் தடத்தில் இருப்பவன், ஒரு குவளையை அவள் முன்னால் வைத்தான். அவள் விரலில் இருந்த சிவந்த கீறலைப் பார்த்தான்.

"உங்களையும் பிடிக்க வெச்சுட்டாராக்கா?" என்றான்.

கேட்டுவிட்டுக் காலிக் குவளைகளைப் பொறுக்கிக்கொண்டு போய்விட்டான். இன்னொரு பெண்ணா, எத்தனை பேர் என்றெல்லாம் அவள் கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. யாராக இருந்தாலும் அவளிடமும் அந்தக் குரலில்தான் சொல்லியிருப்பார், அவளும் இறக்கியிருப்பாள். பொறாமை வந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும், அது கொஞ்சம் சுத்தமான உணர்ச்சி. இது வேறு. தலைமுடியை வாயிலிருந்து இழுக்க இழுக்க வந்துகொண்டே இருப்பது போல ஒரு அருவருப்பு.

கயிற்றை அவிழ்த்துப் படகு மறுபடி காடிக்கோய்க்குத் திரும்பியபோது தொலைபேசி அடித்தது.

"கூட்டத்துல தொலைஞ்சுட்டியா?"

"இல்ல. இறங்கல."

"என்னாச்சு கண்ணு? உடம்பு சரியில்லையா?"

"இந்தக் குரல்ல என்கிட்ட பேசாதீங்க."

"எந்தக் குரல்ல?" என்றார். அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை. எர்ஜானுக்குத் தான் கத்துவது தெரியும். கத்திவிட்டு வெட்கப்பட்ட நாட்கள்கூட உண்டு.

"கல்யாணம் வேண்டாம்," என்றாள் துலாய். "தேதிய ரத்துப் பண்ணிடுங்க."

"ஒரு கடல்காக்காவுக்காகவா? இந்த ஊர்ல குப்பையைவிட அதுங்க ஜாஸ்தி." கோபமே இல்லை. ஆறுதல் சொல்வது போலத்தான் இருந்தது. "நாளைக்கு அதுவே மறந்துடும். உனக்கு மனசு இளகிடுச்சு, அவ்வளவுதான்."

"இளகல. நீங்க இறக்குன்னதும் இறக்கினேன், ஜாவித். ரெண்டு தடவை."

"ஆமா," என்றார் அவர், பாராட்டுகிற மாதிரி. "நல்லாத்தான் பிடிச்சே. மத்தவங்களுக்குக் கை நடுங்கும்."

அவள் தொலைபேசியை அணைத்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, ஈரமான படிகளில் ஏறி மேல்தளத்துக்குப் போனாள். பனி இன்னும் பலமாக விழுந்துகொண்டிருந்தது. எமினோனுவில் ஏறிய கல்லூரிப் பிள்ளைகள் ஐந்து பேர் கழுத்தில் கேமராவோடு கம்பியோரம் நின்று, ஒரு பறவையும் கிட்ட வரமாட்டேன் என்கிறது என்று அலுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தள்ளிக்கொண்டு கம்பியைப் பிடித்துக் குனிந்தாள். குடித்தது, தின்றது எல்லாம் ஒரே ஓங்கரிப்பில் கடலில் விழுந்தது. கண்ணில் நீர் கட்டி ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு முறை வந்தது.

மேலே பனிக்குள் எங்கேயோ ஒரு கடற்காகம் கத்தியது. பிறகு ஐந்தாறு. பிறகு வெள்ளையாக ஒரு கூட்டமே அவள் முகத்துக்கு நேர் கீழே விழுந்து, இறக்கைகளை அடித்து, ஒன்றின் அலகிலிருந்து ஒன்று பிடுங்கிக்கொண்டு, அவள் கக்கியதற்காகத் தண்ணீரில் சண்டை போட்டது. அவளுக்கு இரண்டு பக்கமும் பிள்ளைகள் கம்பியில் சாய்ந்து கேமராவைத் தூக்கினார்கள்.

"அக்கா, நகராதீங்க," என்றது ஒரு குரல். "அப்படியே இருங்க."

சடசடவென்று ஐந்து கேமராக்களும் அடிக்கத் தொடங்கின. பறவைகள் மேலும் மேலும் வந்து இறங்கிக்கொண்டிருந்தன.